ஏழாவது எடுத்துக்காட்டு

ஐந்து ரோட்டு ஃப்ளெக்ஸ் கடைக்காரருக்குச்
'சிலாவிய' என்ற சொல்லில் நம்பிக்கையில்லை.
அவராகவே திருத்தி அடித்துத் தந்த பேனர்
ஏற்காட்டு ஹோட்டல் வாசலில்
பனியில் ஊறித் தொங்கியது:
'சிலேடை மொழிகளும் அறிதல்சார் மொழியியலும்,
மூன்று நாள் பன்னாட்டுக் கருத்தரங்கு.'
பதினேழு பேர் வந்திருந்தோம்.

முதல் நாள்
போலந்துக்காரர் ஒரே ஒரு முன்னொட்டை
முக்கால் மணி நேரம்
பெட்டிக்குள் பெட்டியாக வரைந்து காட்டினார்.
இரண்டு பேருக்கென்றே தனி விகுதி வைத்திருக்கும் மொழியைப் பற்றிப் பேசிய
ஸ்லோவேனியாக்காரர்
தட்டுவடை செட்டைத் தனியாக உட்கார்ந்து தின்றார்.
எனக்குக் கிடைத்தது மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய அமர்வு.
தலைப்பு: பல்கேரிய வினையும் தமிழின் 'ஆம்' ஒட்டும்.

பார்த்ததற்கு ஒரு வடிவம்.
கேள்விப்பட்டதற்கு இன்னொன்று.
அங்கே அதற்கு ஒரு ல் போதும்.
இங்கே வினையின் வாலில் ஓர் ஆம்.
தனியே நின்றால் அது சம்மதம்;
ஒட்டிக்கொண்டால்
'எனக்கென்ன தெரியும், சொன்னார்கள்.'
எடுத்துக்காட்டு ஏழு:
அரசன் இறந்தானாம்.
எங்கள் துறையில் அரசர்கள்
இதற்காகவே வளர்க்கப்படுகிறார்கள்.

முன்வரிசையில் ராலிட்சா
இடமும் வலமுமாய்த் தலையை ஆட்டிக்கொண்டேயிருந்தாள்.
போச்சு, மறுக்கப்போகிறாள் என்று
இரண்டு பக்கம் தாண்டி முடித்தேன்.
தேநீரின்போது சொன்னாள்:
எங்கள் ஊரில் அதுதான் ஆமாம்.
மேலும் கீழும் ஆட்டினால்தான் இல்லை.

இரண்டாம் நாள் சுற்றிப் பார்க்கப் போனோம்.
டிரைவர் சடையப்பன்
குகைக்கோயில் வாசலில் வண்டியை நிறுத்தி
'உள்ள இருந்து காவேரிக்கு வழி போகுதாம்' என்றார்.
சந்தனமரம் முன்னே நெறைய இருந்துச்சாம்.
இந்த வருசம் மிளகு வெலை ஏறுமாம்.
ராலிட்சா நோட்டில் கோடு கோடாகப் போட்டு எண்ணினாள்.
கீழிறங்கி வருவதற்குள் நாற்பத்தொன்று.
'நீங்கள் எதையுமே பார்த்ததில்லையா?'
என்று அவரைக் கேட்கச் சொன்னாள்.
'பாத்ததை எதுக்குங்க சொல்லணும்' என்றார் அவர்.

மூன்றாம் நாள் காலை
சிக்னல் கிடைக்கும் ஒரே இடத்தில்,
ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் நின்றிருந்தாள்.
பேச்சு முடிந்த பிறகும்
போனைக் காதிலிருந்து இறக்கவில்லை.
தன்யூப் கரையில், வித்தின் நகரத்தில், அவள் அப்பா.
தங்கை கூப்பிட்டிருக்கிறாள்.
என்னிடம் தன் மொழியிலேயே சொன்னாள்:
போச்சினால்.

'போச்சினா' என்றால் இறந்தார்,
அருகிலிருந்து பார்த்தவர் சொல்வது.
'போச்சினால்' என்றால் இறந்தாராம்.
கடைசியில் அந்த ல் வந்து விழுந்ததை
நான் கவனித்தேன்.
அவள் கையைப் பிடிப்பதற்கு முன்னால் கவனித்தேன்.
நம் காதுக்கு அது
'போச்சு' என்றே கேட்கும்.
உறவுச்சொல் இல்லை, வெறும் தற்செயல்.
தற்செயலுக்கு நாங்கள்
அடிக்குறிப்பில்கூட இடம் தருவதில்லை.

சேலம் இறங்கி, பெங்களூர் போய்,
இரண்டு விமானம் மாறி
அவள் சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருக்கும்.
இலக்கணப்படி பார்த்தால்
ல் இல்லாத அந்த வடிவம்
அவளுக்கு இனி வாய்க்காது.
யார் எப்போது கேட்டாலும்
அந்த ஓர் எழுத்தளவு
அவர் சாகாமலே இருப்பார்.

அரங்கத்தில் ஒன்பதாவது கட்டுரை ஓடிக்கொண்டிருந்தது.
பெட்டியை ஏற்றி, எஞ்சினைப் போட்டுவிட்டு
சடையப்பன் அவளைப் பார்த்துக் கேட்டார்:
'ஊருக்குக் கெளம்பணுமாமே, எடுக்கட்டுமா?'
மொழிபெயர்த்தேன்.
அவள் தலையை
இடமும் வலமுமாய் ஆட்டினாள்.

அவர் எஞ்சினை அணைத்தார்.
இறங்கிப் போய் டிக்கியைத் திறந்து
பெட்டியைத் திரும்ப வெளியே எடுத்தார்.

கொஞ்ச நேரம்
நானும் எதுவும் சொல்லவில்லை.